பூங்கா ஓடையின் கரை அரிக்கிறது: சுவர் எழுப்பலாமா?

கேள்வி: கோவை மேற்குப் பகுதியில் எங்கள் குடியிருப்பு. பூங்காவின் ஓரமாக ஒரு பள்ளம் போகிறது. ஐந்து வருடத்துக்கு முன்பு நடைபாதைக்கும் கரைக்கும் நடுவே 10 அடி இடம் இருந்தது. இன்று 3 அடிதான். போன ஐப்பசி மழையில் ஒரு புங்கமரம் வேரோடு சாய்ந்துவிட்டது. 120 அடி நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிடலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். செய்யலாமா?

பதில்: கையில் பணம் இருந்தாலும் இப்போதைக்குச் சுவர் வேண்டாம். கரை ஏன் போகிறது என்று தெரியாமல் கட்டும் சுவரைத் தண்ணீர் அடியில் பறித்துச் சாய்த்துவிடும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் ஓடையைப் பள்ளம் என்கிறோம். சங்கனூர்ப் பள்ளம் போல, இயல்பில் மழைக்கு மட்டும் ஓடும் இந்தப் பள்ளங்கள் அவை வாங்கும் தண்ணீருக்கு ஏற்ற அகலத்தையும் ஆழத்தையும் தாமே வெட்டிக்கொள்பவை. மேலே தோட்டமும் காடுமாக இருந்தபோது மழையில் பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கியது. இன்று அங்கே மொட்டைமாடியும் தார்ச்சாலையும். 1 சென்ட் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் 400 லிட்டர். 20 ஏக்கர் மனைப்பிரிவில் ஒரே மாலையில் 5 செ.மீ. பெய்தால் 40 லட்சம் லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஓடிவந்தாலும் 27 லட்சம். 12,000 லிட்டர் லாரி 225 நடை அடிக்க வேண்டிய தண்ணீர் ஓரிரு மணி நேரத்தில் உங்கள் பூங்காவைக் கடக்கிறது. அவ்வளவு தண்ணீருக்குப் பழைய பள்ளம் போதவில்லை. அதனால் தன்னை அகலப்படுத்திக்கொள்கிறது.

அடுத்த மழைக்கு மறுநாள் காலை கரையோரம் போய்ப் பாருங்கள். வெள்ளம் ஓடும்போதைவிட, வடிந்த பிறகுதான் கரை அதிகம் சரியும். ஓடும் நீர் முதலில் கரையின் அடியைக் குடைகிறது. ஊறிக் கனத்த மண்ணை அதுவரை வெள்ளமே எதிர்ப்பக்கமிருந்து தாங்கி நிற்கும். மட்டம் சட்டென்று இறங்கியதும் அந்தத் தாங்கல் போய்விடும். கரைமேட்டில் விளிம்புக்கு இணையாக ஒரு விரல் அகல வெடிப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வெடிப்புக்கு வெளிப்பக்கம் உள்ள மண் அடுத்த மழையில் விழப்போகும் மண். அங்கே யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகள் போகாமல் இன்றைக்கே கயிறு கட்டிவிடுங்கள்.

பிறகு ஓடையின் தரையைப் பாருங்கள். பாலத்தின் அஸ்திவாரம் வெளியே தெரிகிறதா? மழைநீர்க் குழாயின் வாய் முன்பு தரையோடு இருந்து இப்போது அந்தரத்தில் தொங்குகிறதா? அப்படியானால் தரையே தாழ்ந்துகொண்டிருக்கிறது. தரை நிற்காதவரை எந்தக் கரையும் நிற்காது. குறுக்கே பெரிய கற்களால், அரை அடி முதல் ஓரடி உயரத்துக்கு, நடுவில் தாழ்வாகவும் இரு ஓரமும் கரைக்குள் நன்றாகப் புதைந்தும் இருக்கும்படி சில கல்வரிசைகள் போட்டுத் தரையை நிறுத்துவதுதான் முதல் வேலை. நடுவில் தாழ்வு இல்லாவிட்டால் தண்ணீர் ஓரமாகச் சுற்றிக் கரையையே தின்றுவிடும்.

தரை நின்ற பிறகு கரையின் அடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஊரில் ஓடைக்கரைக்கு நான் கல் பதித்தேன். நல்ல சைஸ் கல், நல்ல கொத்தனார். இரண்டாவது மழைக்காலத்தில் கல்லெல்லாம் அப்படியே உள்வாங்கியது. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் பின்னால் கை நுழையும் அளவு பொந்து. கல்லிடுக்கு வழியாக மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருக்கிறது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டும் அடுக்கை நான் போடவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். மண்மேல் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல்தான் கல். அல்லது தண்ணீரை விட்டு மண்ணைப் பிடித்துவைக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்து அதன்மேல் கல். வெள்ளம் தரையைப் பறிக்கும் ஆழத்துக்கும் கீழே கல் இறங்கியிருக்க வேண்டும். ஓரடியில் நிறுத்திவிட்டால் வீண்.

அடிக்கு மேலே கரையைச் சரிவாக்குங்கள். செங்குத்தாக நிற்கும் மண்ணில் எதை நட்டாலும் பிடிக்காது. 1 அடி உயரத்துக்குக் கிடைமட்டமாக 2 அடி போகும் சரிவு, இடம் கிடைத்தால் 3 அடி. இதற்காக நடைபாதையை உள்ளே தள்ள வேண்டிவரும். சங்கத்தில் எதிர்ப்பு இதற்குத்தான் வரும், ஆனால் நான் அழுத்திச் சொல்கிறேன்: நடைபாதையை நகர்த்துவது சுவர் கட்டுவதைவிட மலிவு.

வெட்டிய சரிவில் தென்னை நார் வலை விரித்து, மூங்கில் முளை அடித்துப் பிடிக்கவையுங்கள். பொள்ளாச்சி பக்கத்திலேயே இருக்கிறது, நாருக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று வருடத்தில் வலை மட்கிவிடும். அதற்குள் வேர் அந்த வேலையை எடுத்துக்கொள்ளும்.

செடிகளில் வெட்டிவேருக்குத்தான் என் முதல் ஓட்டு. நல்ல மண்ணில் அதன் வேர் நேர்கீழாக 10 அடிவரை இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, அரை அடிக்கு ஒரு நாற்றாக நெருக்கி வரிசை பிடியுங்கள். 3 அடி உயரத்துக்கு ஒரு வரிசை. ஆனால் அதற்கு வெயில் வேண்டும், மரநிழலில் சோர்ந்துவிடும். நிழலான இடத்தில் நொச்சி போடுங்கள். கட்டைவிரல் பருமனில், இரண்டரை அடி நீளத்தில் கழி வெட்டி, மொட்டு மேல்நோக்கி இருக்க, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி குத்திவிட்டால் வேர்விட்டுக்கொள்ளும். நீர்மட்டத்தை ஒட்டிக் கோரையும் நாணலும். நீர்மருது, புங்கம் எல்லாம் மேட்டில், விளிம்பிலிருந்து தள்ளி. அரிக்கும் விளிம்பில் மரம் வைத்தால் அதன் கனமே கரையை இழுத்துவிடும். போன ஐப்பசியில் சாய்ந்த புங்கமரத்துக்கும் அப்படி நேர்ந்திருக்கலாம். சீக்கிரம் பிடிக்கிறதே என்று நெய்வேலிக் காட்டாமணக்கை மட்டும் யாரும் நட விடாதீர்கள். ஓடையையே அடைத்துக்கொள்ளும்.

நடவை ஆனி, ஆடியில் முடித்துவிடுங்கள். தென்மேற்குச் சாரலில் வேர் பிடித்தால்தான் ஐப்பசி வெள்ளத்தைத் தாங்கும்.

இதெல்லாம் கரைக்கு. பள்ளத்துக்கு வரும் தண்ணீரைக் குறைக்காவிட்டால் பாதி வேலைதான். 1,000 சதுர அடி மாடியில் 5 செ.மீ. மழைக்கு 4,600 லிட்டர் விழுகிறது. 100 வீடு என்றால் 4.6 லட்சம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். எத்தனை வீட்டில் அந்தக் குழி தூர்வாரப்பட்டிருக்கிறது என்று சங்கமே ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் பார்க்கலாம். பூங்காவுக்குள் சாலைத் தண்ணீர் இறங்கும் இடத்தில் முக்கால் அடி ஆழத்துக்குத் தட்டு போலத் தாழ்த்தி, புல்லும் செடியும் வைத்து மழைத்தோட்டம் அமையுங்கள். 5 சென்ட் தோட்டம் ஒரு தடவைக்குச் சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும். பெருவெள்ளத்துக்கு அது போதாது, அடிக்கடி வரும் சிறுமழைக்கு நன்றாக உதவும். தண்ணீர் இரண்டு நாளுக்குள் வற்றிவிட வேண்டும். அப்படி வற்றினால் கொசு வளர அவகாசமில்லை. தோண்டும் முன் ஓரடிக் குழி வெட்டி நீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மணிக்கு ஓரங்குலம் இறங்கினால் நல்ல மண். கரிசல் என்றால் இறங்காது. அடியில் ஜல்லியும் துளையிட்ட வடிகுழாயும் தேவைப்படும். அந்தரத்தில் தொங்கும் குழாய் வாய்க்குக் கீழே கற்களைப் பரப்பி வேகத்தை உடையுங்கள். பல பூங்காக்களில் அரிப்பு தொடங்கும் இடமே அதுதான்.

இது பெரிய அளவிலும் நடக்கும் காரியம். சிங்கப்பூரின் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. நேர் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக்கி 2012இல் திறந்தார்கள். உடைத்த கான்கிரீட்டைப் பூங்காவிலேயே பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: ஆற்றில் கை வைக்கும் முன், 2009இல் ஒரு கிளைக் கால்வாயின் 60 மீட்டரில் பத்து வகைக் கரைகாப்பு முறைகளை நட்டுச் சோதித்தார்கள். நீங்களும் 120 அடியை ஒரே மூச்சில் எடுக்காமல், முதல் வருடம் மிக மோசமான 30 அடியை எடுங்கள்.

சுவரே கூடாதென்று நான் சொல்லவில்லை. கரையை ஒட்டி வீடோ சாலையோ இருந்து சரிவுக்கு இடமே இல்லையென்றால், கம்பிவலைக் கூண்டில் கல் அடைத்துக் கட்டலாம். தண்ணீர் அதனூடே கசிந்து வெளியேறும், பின்னால் அழுத்தம் சேராது. அதற்கு ஒரு பொறியாளரின் வடிவமைப்பு கட்டாயம் வேண்டும்.

ஓடை பெரும்பாலும் புறம்போக்கு. உள்ளாட்சியிடமும் வருவாய்த் துறையிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஜேசிபியை இறக்காதீர்கள்.

மனு கொடுத்துக் காத்திருக்கும் நாட்களில், கரை விளிம்பிலிருந்து சரியாக 10 அடி உள்ளே, 20 அடிக்கு ஒன்றாக இரும்புக் கம்பி அடித்துச் சிவப்பு பெயின்ட் பூசுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கம்பியிலிருந்து விளிம்புவரை அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். எந்த 30 அடியை முதலில் எடுப்பது என்று அந்த நோட்டே காட்டிவிடும்.