எபாக்சி ஏன் பாதி வழியில் நின்றுவிடுகிறது?

கேள்வி: பாலிஈதர்இமைடு என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல், எபாக்சி பிசினும் அதை இறுக வைக்கும் ஹார்டனரான டைஅமைனும் சேர்ந்த கலவையை ஊற்றி 180 டிகிரி செல்சியஸில் இறுக வைக்கிறேன். விரவல் குணகத்தை (ஒரு பொருள் இன்னொன்றுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்ற அளவு) மாறிலியாக வைத்து, விரவலுக்கான ஃபிக் விதியில் கணக்கிட்டால், இரண்டும் கலந்த பகுதி வளர்ந்துகொண்டே போகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கூர்மையான விளிம்போடு நின்றுவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: அந்த மாறிலிதான் சிக்கல்.

எபாக்சி புகாத பாலிஈதர்இமைடு ஏறக்குறைய 217 டிகிரி வரை கண்ணாடி நிலையில், அதாவது மூலக்கூறுகள் நகர முடியாத விறைப்பான நிலையில் இருக்கும். 180 டிகிரியில் எபாக்சி அதற்குள் மிக மெதுவாகத்தான் நுழையும். ஆனால் ஓரத்தில் கொஞ்சம் நுழைந்ததும் அந்த இடம் இளகத் தொடங்கும். ஒரு கலவை எந்த வெப்பநிலையில் கண்ணாடி நிலையிலிருந்து இளகும் என்று சொல்லும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். இறுகாத எபாக்சிக்கு −17 டிகிரி என்று வைத்தால், எடையில் 10% புகுந்த இடத்தின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை சுமார் 176. 20% என்றால் 141. அதாவது 10 சதவீதத்தை ஒட்டியே பிளாஸ்டிக் இளகிவிடுகிறது, விரவல் குணகம் பல மடங்கு எகிறுகிறது. நீங்கள் பார்த்த விளிம்பு இதுதான்.

சரி, ஏன் நிற்கிறது? வினை முந்திக்கொள்கிறது. சம விகிதக் கலவை சுமார் 58% வினை முடிந்ததும் ஒரே வலையாகப் பிணைந்து ஓடாத கூழாகிவிடும். அப்போது இரு முனையும் வினைபுரியாத எபாக்சி மூலக்கூறுகள் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. உள்ளே போக ஆளே இல்லை!

ஆகவே குணகத்தை அந்தந்த இடத்தின் கலவை, வினை அளவு இரண்டையும் சார்ந்ததாக எழுதுங்கள். முதலில் ஹார்டனர் இல்லாமல் எபாக்சியை மட்டும் வைத்து விளிம்பு நகர்வதை அளந்து, கலவையைச் சார்ந்த பகுதியைப் பொருத்துங்கள். வினை வேகத்தை டிஎஸ்சி அளவீட்டில் (வினையில் வெளிவரும் வெப்பத்தை அளக்கும் முறை), இறுகும் வேகத்தைச் சொல்லும் கமால் சமன்பாட்டைப் பொருத்தி எடுக்கலாம். அப்புறம் இரண்டையும் இணையுங்கள். ஹார்டனருக்குத் தனிக் குணகம் கொடுக்க மறக்காதீர்கள். அது எபாக்சியின் வேகத்தில் நுழையாது, அதனால் உள்ளே கலவை விகிதமே மாறிவிடும்.

இன்னொரு பொறி, இதில் நான் நாலு நாள் இழந்திருக்கிறேன். கணினிக் கணக்கில் படலத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கும்போது, அடுத்தடுத்த இரு கட்டங்களின் குணகத்துக்கு இசைச் சராசரி (harmonic mean) எடுத்தால், கண்ணாடி நிலையில் உள்ள கட்டத்தின் மிகச் சிறிய மதிப்பு மேலோங்கி, விளிம்பு கணினியிலேயே உறைந்துவிடும். அது வினையால் நின்றதுபோலவே தெரியும். கூட்டுச் சராசரி எடுத்து, கட்டங்களை இன்னும் நுணுக்கிப் பாருங்கள்.

கடைசியாக, 140 டிகிரியிலும் ஒரு சோதனை செய்யுங்கள். அங்கே இளக 20% எபாக்சி தேவை, வினையும் மெதுவாகத்தான் நடக்கும். எந்த எண்ணையும் மாற்றாமல் இரு வெப்பநிலையிலும் கலந்த பகுதியின் தடிமனை உங்கள் கணக்கு மாதிரி சரியாகச் சொன்னால், அதை நம்பலாம்.