சுண்டல் வேகவைப்பது யார்?

கேள்வி: கொரோனாவுக்குப் பிறகு தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். இப்போதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை 5 முதல் 7 மணி வரை இருபது பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்த நான்காம் வகுப்புப் பையன் இன்று நாளிதழ் வாசிக்கிறான். ஆனால் பெற்றோர் எட்டு மணிக்குத்தான் அழைத்துப்போக வருகிறார்கள். தீபாவளிக்குப் பிறகு பாதிப் பேரைக் காணோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சுண்டல் வேகவைத்து, சின்னப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வதால் ஓரளவு சமாளிக்கிறேன். தொடரலாமா, விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அது இருக்கட்டும். உங்கள் மகள் எப்போது படிக்கிறாள்?

இரண்டு பக்கக் கடிதத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி. அதிலும் அடுப்படியில்தான் நிற்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் சுண்டலைத் தாளித்து, மூக்கொழுகும் வாண்டுகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய், எட்டு மணிக்குக் கடைசிப் பிள்ளை கிளம்பியபின் குண்டானைத் தேய்த்து வைத்துவிட்டுத்தான் அவள் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். பொதுத்தேர்வு எழுதப்போகிறவள், அம்மா! ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொல்லலாம். நான் சொல்லமாட்டேன். இயற்கணிதம் தானே வராது. மகனாக இருந்திருந்தால் கரண்டியைக் கொடுத்திருப்பீர்களா?

2021-இல் உங்கள் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம் இது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு உங்களிடம் கேட்டது நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான். சுண்டலும் எட்டு மணிக் காவலும் நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டவை. பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள், உண்மைதான். இருபது வீடு இருக்கிறதே, முறை வைத்து அனுப்பட்டும். ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு தடவை வரும். பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அந்தக் கடமைகூடவா இல்லை? வகுப்பை ஆறரைக்கு முடியுங்கள். கம்பெனி பஸ்ஸில் இருட்டியபின் வந்து இறங்குகிறவர்கள் பாட்டியையோ பக்கத்து வீட்டாரையோ அனுப்பட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை வைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிடுங்கள். தீபாவளிக்குப் பின் வராதவர்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். அடைமழையில் சாரலடிக்கும் திண்ணைக்கு யார் அனுப்புவார்கள்? பள்ளியில் ஒரு வகுப்பறை கேட்டுப் பாருங்கள்.

வாசிக்கத் தெரியாத பையனை வாசிக்க வைத்த கை உங்களுடையது. அந்தக் கை வீட்டுக்குள்ளும் நீளட்டும். அடுத்த கடிதத்தில் மகளின் அரையாண்டு மதிப்பெண்களையும் எழுதுங்கள். தொடரலாமா என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.