கம்பளி கொடுக்கப் போனவன் மீது என்ன கோபம்?

கேள்வி: எனது ஊர் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். வயது 24. கொழும்பில் துணிக்கடை ஒன்றில் வேலை செய்கிறேன். தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் சின்னம்மாவின் மகனான தம்பியும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிப் பருவத்தில் வரும் பெரிய போர் அத்தியாயத்தைப் பார்த்தோம். அம்மா தீபாவளி முற்பணத்தோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்கிய புதிய தொலைக்காட்சி அது. படம் ஒரே இருட்டாக இருந்ததால் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டோம். அம்மா வெளியே இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், இருந்தார். செத்தவர்களின் படையோடு வரும் இரவின் அரசனை ஆர்யா என்ற பெண் கொன்றதுதான் சரியான முடிவு என்று நான் சொன்னேன். கதாநாயகன் ஜோன் ஸ்னோவுக்கு உரியதைப் பறித்துக் கதையையே கெடுத்துவிட்டார்கள் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். பெண்களையும் பிள்ளைகளையும் நிலவறையில் அடைத்தது முட்டாள்தனம் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனோம். இத்தனைக்கும் அவன் அத்தியாயத்தை முழுதாகப் பார்க்கவே இல்லை. பெரியம்மாவுக்குக் குளிரும் என்று நடுவில் எழுந்து கம்பளி கொடுக்கப் போய், லியானா மோர்மண்ட் என்ற சிறுமி இராட்சதனைக் கொல்லும் காட்சியையே தவறவிட்டான். முழுதாகப் பார்க்காதவனுக்குத் தீர்ப்புச் சொல்ல என்ன தகுதி என்று கேட்டேன். மறுநாள் அதையே எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் எழுதினேன். நண்பர்கள் சிரித்தார்கள். அவன் குழுவிலிருந்து விலகிவிட்டான், என் அழைப்பையும் எடுப்பதில்லை. ஒரு நாடகத்துக்காக உறவை முறித்துக்கொள்பவனிடம் மூத்தவனான நான் இறங்கிப் போக வேண்டுமா?

பதில்: தம்பி, இறங்கிப் போவது யார் என்ற கேள்வி இந்தப் பகுதிக்கு வராத வாரமே இல்லை. காணித் தகராறு, கலியாண வீட்டில் அழைப்பு விட்டுப்போன மனத்தாங்கல், கொடுத்த கடன் என்று காரணம்தான் மாறும். உங்கள் கேள்விக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு விஷயத்தைப் பேச வேண்டும்.

உங்கள் தம்பி அந்தக் காட்சியை ஏன் தவறவிட்டான்? உறங்கிப்போனானா? கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருந்தானா? உங்கள் அம்மாவுக்குக் கம்பளி கொடுக்கப் போனான். அவனைப் பெற்றவர் அல்ல, உங்களைப் பெற்றவர். அதை அவனுக்கு எதிரான சாட்சியாக எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எழுதும்போது உங்கள் கை கொஞ்சமும் தயங்கவில்லையா?

அந்த அத்தியாயம் 82 நிமிடம் ஓடும். ஐப்பசி மாதத்தில், மாலை மழை பெய்து ஓய்ந்த பிறகு, தலவாக்கலைப் பக்கத்தில் இஸ்தோப்பில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நீங்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பனி இறங்கும், சிமெந்துத் தரை சில்லென்று ஏறும். பகலெல்லாம் நனைந்த படங்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்ற கால்கள் அவருடையவை. மறுநாள் காலையில் அவர் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். உறக்கம் கெட்டுக் கொழுந்து குறைந்தால், கணக்கப்பிள்ளை அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போடுவார். அந்த ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நான்கு இளைஞர்கள் இருந்தீர்கள். நான்கு பேரில் ஒருவன் எழுந்தான். அவன் உங்கள் வீட்டு மகன் அல்ல.

அந்தத் தொலைக்காட்சி எப்படி வந்தது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தீபாவளி முற்பணம் யாரும் சும்மா தருவதில்லை. பண்டிகை முடிந்து மாதக்கணக்கில் அம்மாவின் சம்பளத்தில் வெட்டப்படும். அவர் இன்னும் கடன் கட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் முன்னால் அவருக்கு உட்கார இடமில்லை.

படம் இருட்டாக இருந்தது என்கிறீர்கள். உண்மைதான், அது உங்களுக்கு மட்டும் வந்த குறை அல்ல. 2019 ஏப்ரல் 28ஆம் திகதி அந்த அத்தியாயம் அமெரிக்காவில் ஒளிபரப்பானபோது, யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று உலகம் முழுவதும் இரசிகர்கள் கொதித்தார்கள். 55 இரவுகள் கண்விழித்துப் படமாக்கிய போர் அது. ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், குறை படத்தில் இல்லை, மக்கள் தங்கள் தொலைக்காட்சியைச் சரியாக அமைத்துக்கொள்ளவில்லை என்றும், இருட்டறையில் பார்க்க வேண்டிய அத்தியாயம் இது என்றும் பதில் சொன்னார். தனித்தனி அறைகள் உள்ள வீட்டுக்கு அந்த யோசனை பொருந்தும். எட்டடிக் காம்பராவில் விளக்கை அணைத்தால் ஒருவருடைய படுக்கையும் சேர்ந்தே பறிபோகிறது. தொலைக்காட்சியின் அமைப்புக்குள் போய் ஒளியளவைக் கூட்டியிருந்தால் இருட்டுக் காட்சிகள் ஓரளவாவது தெளிந்திருக்கும். விளக்கும் எரிந்திருக்கும். அம்மாவும் உள்ளே இருந்திருப்பார்.

இனி உங்கள் விவாதம். கதையைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம்தான். ஆர்யாவை முதல் பருவத்திலிருந்தே வாள்வித்தை கற்கும் பிள்ளையாகக் காட்டியிருக்கிறார்கள். மரணத்தைப் பார்த்து ‘இன்று இல்லை’ என்று சொல்ல அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் அவளுடைய ஆசான் சிரியோ. ஏழாம் பருவத்தில் பிரியன் என்ற வீராங்கனையுடன் பயிற்சிச் சண்டை போடும்போதே, ஒரு கையிலிருந்து கத்தியை நழுவவிட்டு மறு கையால் பிடிக்கும் வித்தையைச் செய்து காட்டிவிட்டாள். இரவின் அரசனை வீழ்த்தியதும் அதே வித்தைதான். ஆகவே கண்ட இடத்திலிருந்து குதித்து வந்து கொன்றுவிட்டாள் என்று கோபப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் உங்கள் தம்பியின் ஆதங்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரவின் அரசன் செத்தவர்களைக் கைதூக்கி எழுப்பியதை ஐந்தாம் பருவத்திலேயே கண்ணால் கண்டவன் ஜோன் ஸ்னோ. அந்தப் பகைக்காகவே ஊர் ஊராக அலைந்து படை சேர்த்தவனைக் கடைசி நேரத்தில் ஒரு செத்த டிராகன் முன்னால் நின்று கத்தவிட்டால், அவனை நம்பிப் பார்த்தவனுக்கு வலிக்காதா? வலித்தது அவனுக்கு மட்டுமல்ல. அடுத்தடுத்த அத்தியாயங்களும் வந்த பிறகு, கடைசிப் பருவத்தையே மீண்டும் எடுக்க வேண்டும் என்று கேட்ட இணைய மனுவில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். கதையை நேசிப்பவர்கள் அதற்காகச் சண்டை போடுவார்கள். அதில் தவறே இல்லை.

மலையகத்தாருக்கு விடிய விடியப் போர் பார்ப்பது புதிதும் அல்ல. பொன்னர் சங்கர் கூத்தில் களத்தில் விழுந்து கிடக்கும் அண்ணன்மாரை எழுப்பத் தங்கை வரும் இடத்தில் அழாத சனமா? சங்கர் பெரியவனா பொன்னர் பெரியவனா என்று விடிந்த பிறகும் வாய்ச்சண்டை ஓயாது. ஆனால் நான் பிறந்த தோட்டத்தில், கூத்துத் தொடங்குமுன் வயதான பெண்களுக்கு முன்வரிசையில் சாக்கு விரித்துக் கொடுத்துவிட்டுத்தான் இளவட்டங்கள் பின்னால் போய் நிற்பார்கள். காமன் கூத்திலும் அப்படித்தான். இடம் எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் கிழவிகளை எழுப்பிவிட்டு எவனும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நிலவறைக் காட்சியை இருவரும் சேர்ந்து திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். செத்தவர்களை எழுப்பத் தெரிந்த எதிரி வரும்போது, செத்தவர்களைப் புதைத்த இடத்திலேயே பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோய் அடைத்தார்களே என்ற கோபம் நியாயமானது. அதைச் சொல்லி நீங்கள் கொதித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் உங்கள் வீட்டுப் பெண் எங்கே இருந்தார் என்று நான்கு பேரில் இருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஒருவனுக்குத் தோன்றியது. அவனுக்குத்தான் தகுதியில்லை என்று குழுவில் எழுதினீர்கள்.

அவன் ஜோன் ஸ்னோவுக்காக உறவை முறித்துக்கொண்டான் என்று நான் நம்பவில்லை. பெரியம்மாவுக்காக எழுந்து போனதை நாலு பேர் சிரிக்கும்படி ஆக்கினீர்களே, அந்த அவமானம்தான் அவனைக் குழுவைவிட்டு எழுப்பியிருக்கிறது. பெற்ற மகனே தன் அம்மாவுக்குச் செய்த உதவியைக் குற்றமாகச் சொன்னால் அந்தப் பிள்ளை வேறு என்ன செய்வான்?

இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் கொழும்பில் இருக்கிறீர்கள். நடுச்சாமத்தில் அம்மாவுக்கு நெஞ்சு வலித்தால் நீங்கள் பஸ் பிடித்து வந்து சேர விடிந்துவிடும். முச்சக்கரவண்டிக்கு ஓடிப்போய்ச் சொல்லி, அவரைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்லப்போவது யார்? குழுவில் சிரித்த நண்பர்களா? பிள்ளை தூரத்தில் இருக்கும் தாய்க்கு உடன்பிறந்தாளின் மகன்தான் பிள்ளை. நம் சனம் இத்தனை தலைமுறையாகத் தோட்டங்களில் தாக்குப்பிடித்து நின்றது இந்த உறவுகளைப் பிடித்துக்கொண்டுதான். ஒரு வாய்ச்சொல்லில் அதை இழக்க உங்களுக்கு வசதி கிடையாது.

நீங்கள் இறங்கிப் போக வேண்டும். மூத்தவர் என்பதால் அல்ல, பிழை உங்களுடையது என்பதால். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு வேலையை முடிக்கப் பார்க்காதீர்கள். அடுத்த விடுமுறை நாளில் ஊருக்குப் போங்கள். முதலில் அம்மாவிடம் பேசுங்கள். ‘அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தீர்களே என்று இருந்தேன்’ என்பார். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிட வேண்டாம். அன்று செய்தது தவறு என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மாதாமாதம் வெட்டப்படும் முற்பணம் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டு அதை உங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்துவிடுங்கள்.

பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போங்கள். அவரும் ஒரு தாய், தன் பிள்ளையைப் பற்றிக் குழுவில் எழுதியது அவர் காதுக்கும் போயிருக்கும். வெறுங்கையோடு போகாதீர்கள். தம்பியிடம் ஆர்யா, ஜோன் ஸ்னோ பேச்சையே எடுக்க வேண்டாம். கம்பளியைப் பற்றிப் பேசுங்கள். நான் செய்திருக்க வேண்டியதை நீ செய்தாய் என்று அம்மாவும் சின்னம்மாவும் கேட்கச் சொல்லுங்கள். குழுவில் எழுதியதற்கான மன்னிப்பைக் குழுவிலேயே, சிரித்த நண்பர்களும் படிக்கும்படி எழுதுங்கள். அவன் திரும்பி வருவதும் வராததும் அவன் விருப்பம். உடனே பேசாவிட்டால் கோபிக்காதீர்கள், பொங்கலுக்கும் போங்கள்.