லீட்ஸ் வரும் தம்பிக்கு: எந்த பியர் கிட் வாங்கலாம்?

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். செப்டம்பரில் மேற்படிப்புக்கு இங்கிலாந்தின் லீட்ஸ் போகிறாராம். "அண்ணா, அங்கே வீட்டிலேயே பியர் செய்யலாமாமே, உண்மையா? எந்தக் கிட் வாங்குவது? இங்கிருந்தே ஏதாவது வாங்கிப் போகணுமா? வாடகை வீட்டில் செய்தால் பிரச்சினை வருமா?" நான் லீட்ஸில் குடியேறிப் பல வருஷம் ஆகிறது. இப்போது விடுமுறைக்கு மேற்கு மாம்பலத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன், கையில் நேரமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சட்டம். பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் செய்ய உரிமம் எதுவும் வேண்டாம். 1880-லிருந்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். கிட் வியாபாரம் அங்கே சூடுபிடித்ததே அதற்கு அப்புறம்தான். ஒரு காலத்தில் பூட்ஸ் மருந்துக் கடையிலேயே கிட் டின் விற்றார்கள். ஆனால் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். செய்ததை விற்கக் கூடாது. பொங்கல் விழாவுக்கு வரும் நண்பர்களுக்கு ஊற்றிக் கொடுக்கலாம், ஆனால் "செலவுக்கு" என்று பாட்டிலுக்கு இரண்டு பவுண்டு வாங்கினால்கூட அது விற்பனை, அதற்கு உரிமமும் வரியும் உண்டு. அதேபோல, காய்ச்சி வடித்து சாராயம் ஆக்குவது உரிமம் இல்லாமல் அங்கேயும் குற்றம்தான். மாணவர் விசாவில் இருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கிளம்புவதற்கு முன் வேளச்சேரியில் ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளலாம் என்ற யோசனையும் வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிக்கக் கூடாது, 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. டாஸ்மாக் திறந்திருப்பதால் சட்டமே இல்லை என்று அர்த்தம் ஆகாது. இங்கிருந்து எதையும் சுமந்துகொண்டு போகவும் தேவையில்லை. ஒரே ஒரு பொருளைத் தவிர, அதைப் பிறகு சொல்கிறேன்.

கிட் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் தேர்ந்தெடுக்க முடியும். பார்லியை முளைகட்டி உலர்த்தினால் மால்ட். அதை வெந்நீரில் ஊறவைத்து, சர்க்கரைச் சத்தை இறக்கி, ஹாப்ஸ் பூ போட்டுக் கொதிக்கவைத்து, தண்ணீரை வற்றவைத்துப் பாகாக்கி டின்னில் அடைக்கிறார்கள். பியர் ஆலையில் அரை நாள் பிடிக்கும் வேலை அந்த டின்னுக்குள் முடிந்திருக்கிறது. நீங்கள் செய்வது பாகை வெந்நீரில் கரைத்து, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி மூடுவது. 23 லிட்டர் என்பது அவர்கள் கணக்கில் 40 பைன்ட். டின்னைத் திறந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்த மாதிரி ஒரு வாசனை அடிக்கும், இரண்டிலும் இருப்பது அதே மால்ட்தான்.

கடையில் டின்கள் வரிசையாக நிற்கும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1862-இல் தொடங்கிய கூப்பர்ஸ், இங்கிலாந்தின் சஃபோக்கில் இருக்கும் மன்ட்டன்ஸ், நியூசிலாந்தின் மாங்ரோவ் ஜாக்ஸ் என்று பல பெயர்கள். பெயரையும் படத்தையும் விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். 1.5 முதல் 1.8 கிலோ என்றால் அது ஒற்றை டின் கிட், அதோடு ஒரு கிலோ சர்க்கரை நீங்கள் சேர்க்க வேண்டும். 3 கிலோவும் அதற்கு மேலும் என்றால் இரட்டை டின், முழுக்க மால்ட், சர்க்கரை தேவையில்லை. சாதாரண வெள்ளைச் சர்க்கரை ஈஸ்டுக்கு நல்ல தீனிதான், ஆல்கஹால் வரும். ஆனால் அது முழுசாகக் கரைந்து போய்விடும், நாக்கில் நிற்க ஒன்றும் மிஞ்சாது. பியர் நீர்த்துப்போய்த் தெரியும். "வீட்டு பியர் என்றாலே இப்படித்தான்" என்று பலர் ஒரே தடவையில் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

ஒற்றை டின் சுமார் 15 முதல் 20 பவுண்டு, இரட்டை டின் 25 முதல் 35 பவுண்டு வரை இருக்கும். பார்த்ததும் கை மலிவானதற்குத்தான் போகும். ஆனால் ஒற்றை டின்னை உருப்படியாகச் செய்ய, சர்க்கரைக்குப் பதில் உலர்ந்த மால்ட் பொடி ஒரு கிலோ வாங்க வேண்டும். அதையும் கூட்டினால் வித்தியாசம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அதனால் முதல் தடவைக்கு இரட்டை டின்தான் என் சிபாரிசு.

அடுத்தது தேதி. இது விலையைவிட முக்கியம், யாரும் பார்ப்பதில்லை. டின்னைத் தலைகீழாகத் திருப்பினால் அடிப்பக்கம் காலாவதி தேதி அச்சாகியிருக்கும். காலாவதி ஆக ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிற டின்னாக எடுங்கள். பாகு பழசாக ஆக நிறம் கறுக்கும், ருசியில் ஒரு கனத்த கசப்பு ஏறும். பாகாவது கொஞ்சம் தாங்கும், ஈஸ்ட் தாங்காது. மேலே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும், பெரும்பாலும் 6 அல்லது 7 கிராம். அந்தப் பொட்டலம் கிடங்கில் எத்தனை கோடையைப் பார்த்ததோ தெரியாது. 23 லிட்டருக்கு அது சும்மாவே குறைவு. ஏல் (அறைச்சூட்டில் புளிக்கும் பியர் வகை) ஈஸ்ட் 11 கிராம் பாக்கெட் ஒன்று தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். யூஎஸ்-05, எஸ்-04, நாட்டிங்ஹாம் என்று கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். கிட்டின் ருசியை மாற்ற நீங்கள் செய்யக்கூடிய மிக மலிவான காரியம் இதுதான்.

இனி வகை. சென்னையிலிருந்து வருகிறவர்கள் நேராக லாகர் டின்னை எடுப்பார்கள், குடித்துப் பழகியது அதுதானே. வேண்டாம் தம்பி. உண்மையான லாகர் ஈஸ்டுக்கு 10 முதல் 13 டிகிரி குளிர் வாரக்கணக்கில் சீராக வேண்டும், அதற்குத் தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறவர்கள் செய்கிறார்கள். மலிவான கிட்களில் வெளியே லாகர் என்று எழுதியிருந்தாலும் உள்ளே வைத்திருப்பது பல சமயம் ஏல் ஈஸ்ட்தான். இங்கே ஏசி பாரில் குடித்த அந்தப் பளிச்சென்ற ருசி அதில் வராது. ஏல் வகைகளான பிட்டர், பேல் ஏல், ஸ்டௌட் இந்த மூன்றில் ஒன்றை எடுங்கள். இவற்றின் ஈஸ்ட் 18 முதல் 20 டிகிரியில் சந்தோஷமாக வேலை செய்யும். ஸ்டௌட் கறுப்பு, வறுத்த வாசனை தூக்கலாக இருக்கும். சின்னச் சின்னக் குறை அதில் தெரியாது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

டின்னை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், நீங்கள் இருக்கப்போகும் அறையையும் பார்த்து வாங்குங்கள். மாணவர் வீடுகளில் ஹீட்டர் காலையும் மாலையும் சில மணி நேரம் ஓடும், நள்ளிரவில் நின்றுவிடும். பகலில் 20 டிகிரி இருக்கும் அறை விடியற்காலை 13-க்கு இறங்கும், ஈஸ்ட் தூங்கிவிடும். பக்கெட்டை ஜன்னலோரத்திலும் வைக்காதீர்கள், ஹீட்டர் பக்கத்திலும் வைக்காதீர்கள். உட்சுவர் அலமாரிக்குள் பழைய கம்பளி சுற்றி வைத்தால் போதும். ஒட்டும் தெர்மாமீட்டர் பட்டை ஒன்றைப் பக்கெட்டின் வெளியே ஒட்டிக்கொள்ளுங்கள். கோடையில் கதையே வேறு. கூரைக்கடியில் உள்ள அறை 28 டிகிரிக்குப் போகும், அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு பழவாசனையும் நெயில் பாலிஷ் நெடியும் ஏற்றிவிடும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நல்ல காலம்.

சாமான்கள் விஷயத்தை வேகமாக முடித்துவிடுகிறேன். மூடியோடு 25 லிட்டருக்கு மேல் கொள்ளும் உணவுத்தரப் பக்கெட், காற்றுப்பூட்டு (உள்ளே வரும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றைத் தடுப்பது), பியரைப் பாட்டிலுக்கு மாற்ற உறிஞ்சுகுழாய், திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், கிருமிநீக்கி, பாட்டில், மூடி போடும் கருவி. எல்லாம் ஒரே பெட்டியில் தொடக்கத் தொகுப்பாகக் கிடைக்கும். படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறவர்கள் பழசை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். பாட்டிலும் கருவியும் பழசாக வாங்கலாம், பக்கெட் மட்டும் புதுசாக வாங்குங்கள். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தால் அதற்குள் கிருமி குடியேறும், கழுவினாலும் போகாது. பழைய ஆலோசனைகளில் "வில்கோ கடைக்குப் போ" என்று இருக்கும். அந்த நிறுவனம் 2023-இல் நொடித்து, கடைகளை மூடிவிட்டது. ஊரில் வீட்டு மது சாமான் விற்கும் தனிக் கடை இருந்தால் அங்கே போய் நேரில் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் இணையத்தில் வாங்குங்கள், ஆனால் தேதி என்ன என்று ஆர்டர் போடுவதற்கு முன் கேளுங்கள்.

சுத்தம்தான் பாதித் தொழில். நம் வீட்டுச் சமையலறைக்கென்றே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். இட்லி மாவைப் புளிக்கவைப்பது பெரும்பாலும் லாக்டிக் பாக்டீரியா. மாவுக்கு அது வேண்டும், பியருக்குள் போனால் புளித்துவிடும். மாவு கலக்கும் கரண்டி, மாவுப் பாத்திரம், அதைத் துடைத்த துணி எதுவும் பியர் பக்கெட் பக்கம் வரக் கூடாது. மாவு பொங்கும் அதே அலமாரியில் பக்கெட்டையும் வைக்காதீர்கள். அலசத் தேவையில்லாத கிருமிநீக்கிகள் கிடைக்கின்றன, ஸ்டார்சான் அப்படி ஒன்று. குளோரின் கலந்த பொடி வாங்கினால் நன்றாக அலச வேண்டும்.

ஹைட்ரோமீட்டரை வாங்காமல் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஈஸ்ட் போடுவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள், 1.042 என்று வைத்துக்கொள்வோம். கிட்டின் பேப்பரில் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று போட்டிருப்பார்கள், நீங்கள் இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் அளந்தால் 1.011 மாதிரி வரும். இரண்டையும் கழித்து 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் அளவு தெரிந்துவிடும், இங்கே சுமார் 4 சதவீதம். இரண்டு மூன்று நாள் அதே எண் நகராமல் நின்றால்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும். ஆனால் சில இரட்டை டின் கிட்கள் வேலை முடியாமலேயே 1.020 பக்கம் வந்து நின்று அடம்பிடிக்கும். அப்படியே அடைத்தால் மிச்ச சர்க்கரை பாட்டிலுக்குள் வேலை செய்து கண்ணாடி வெடிக்கும். இது நிஜமான ஆபத்து. பக்கெட்டைக் கொஞ்சம் வெதுவெதுப்பான இடத்துக்கு நகர்த்தி, மெதுவாக ஆட்டிவிட்டுக் காத்திருங்கள். அடைக்கும்போது அரை லிட்டர் பாட்டிலுக்கு அரை டீஸ்பூன் சர்க்கரை, அதற்கு மேல் போடாதீர்கள். இரண்டு வாரம் அறைச்சூட்டில், அப்புறம் குளிர்ந்த இடத்தில் ஒரு மாதம். பழுப்பு நிறப் பாட்டில்தான் நல்லது. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றமடிக்கும்.

சுமந்து போகலாம் என்று சொன்ன அந்த ஒரு பொருள் பனங்கருப்பட்டி. ஸ்டௌட்டுக்குக் கால் கிலோ. உடைத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, மண் இருக்கும் என்பதால் துணியில் வடிகட்டி, ஆறியபின் பாகோடு சேர்த்துவிடுங்கள். இனிப்பை ஈஸ்ட் தின்றுவிடும், அந்தப் புகைவாசனை மட்டும் நிற்கும். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

வாடகை வீட்டுக்கு வருவோம். ஒப்பந்தத்தைப் படியுங்கள், கூட இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முதல் மூன்று நாள் நுரை பொங்கிக் காற்றுப்பூட்டு வழியாக வழியக்கூடும், பக்கெட்டுக்கு அடியில் ஒரு அகலத் தட்டு வையுங்கள். கார்ப்பெட்டில் கறை பட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்றும் மனசிலிருந்து சொல்கிறேன். டிசம்பரில் லீட்ஸில் மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். புது ஊர், தனி அறை, கட்டில் பக்கத்தில் நாற்பத்தைந்து பாட்டில் என்ற நிலைமை நல்லதல்ல. தனியாக இருந்தால் முழுக் கிட் போடாதீர்கள். 5 லிட்டர் கிட்கள் இருக்கின்றன, இல்லையென்றால் இரண்டு பேர் சேர்ந்து போடுங்கள். கையை மீறும் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம், வேறு ஆயிரம் இருக்கிறது.

நான் ஆகஸ்ட் கடைசியில் லீட்ஸ் திரும்பிவிடுவேன். கழுவி வைத்த பழுப்பு பாட்டில்களும் உபரியாக ஒரு மூடி போடும் கருவியும் என்னிடம் இருக்கின்றன. அறை கிடைத்துச் செட்டில் ஆனதும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு முதல் தடவை போகும்போது கூட வருகிறேன், டின்னைத் திருப்பித் தேதி பார்ப்பதை அங்கேயே காட்டுகிறேன்.