கேள்வி – பதில்: வயிறும் மூளையும்

கேள்வி: மருத்துவ ஆய்வுகூடத் துறையில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டேன். உடற்பருமன், வாழ்க்கைமுறை, முதுமையில் மூளை பற்றிக் கலாநிதி ஆய்வு செய்ய ஆசை. எங்கே தொடங்கலாம்? – வாசகி, கோண்டாவில்

பதில்: கேள்வியிலிருந்து தொடங்கும், பிள்ளை. 'மூளையில் ஆர்வம்' என்று ஒரே மின்னஞ்சலை ஊரெல்லாம் அனுப்பினால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பின்லாந்தின் 'ஃபிங்கர்' ஆய்வைத் தேடி வாசியும். 60 முதல் 77 வயதான 1,260 பேர். உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாம் சேர்த்து 2 வருடம். 2015இல் முடிவு வந்தது: சிந்தனைத் திறனில் நன்மை தெரிந்தது. சரி, அதையே கோண்டாவிலில் செய்தால்? எங்கள் ஆட்களுக்குக் கைகால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால். அதனால்தான் தெற்காசியருக்கு வயிற்றுப் பருமன் என்று கணிக்கும் இடுப்பளவு எல்லையே வேறு: ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். ஐந்தாம் வகுப்போடு நின்ற அம்மம்மாவின் ஞாபகத்தை எந்தச் சோதனையால் அளப்பீர்? அதற்குள்ளேயே ஒரு கலாநிதிப் பட்டம் கிடக்கிறது.

பணத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளை, அதாவது பல நிறுவனங்கள் சேர்ந்து கலாநிதி ஆய்வாளரை எடுக்கும் திட்டங்களை, பாரும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், சம்பளமும் உண்டு. ஒரு நிபந்தனை: போகும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலைசெய்திருக்கவோ கூடாது. பாரிஸ் சித்தி வீட்டில் ஒன்றரை வருடம் நின்று தேடலாம் என்ற யோசனை இருந்தால், பிரான்ஸ் இடம் போய்விடும்.