பேனல் டிரக் பக்கத் தகடு 'டப் டப்' என்கிறதா?

பட்டி போட்டு மறைக்காதீர்கள். வெல்டிங் கோட்டைத் தட்டி நீட்டுங்கள். பின்பகுதி தகட்டால் மூடிய சரக்கு வண்டியான உங்கள் 1951 செவர்லே பேனல் டிரக்கின் துருப்பிடித்த அடிப்பாகத்துக்கு ஒட்டுப் போட்டதும் தகடு டப்பா மூடி மாதிரி உள்ளே வெளியே போகிறது என்கிறீர்கள். சூடு ஆறும்போது கோடு சுருங்கியதுதான் காரணமாக இருக்கும். நடுத்தகடு நீண்டுவிட்டதாகத் தெரிவது வெறும் தோற்றம். அதை நம்பி நடுவில் சூடு காட்டினால் இன்னும் கெடும்.

கோட்டை ஒட்டி விரல்விரலாக நகர்த்தி அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது தகடு விறைக்கிறதோ, அங்கேதான் சுருக்கம்.

1. வெல்டை இருபுறமும் மட்டமாக இழையுங்கள். மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டும் மின்வெல்டிங்) என்றால் வெல்டு கெட்டியாக இருக்கும், இழைக்காமல் தட்டினால் விரிசல் விடும்.
2. பின்னால் டாலியை (கையில் பிடிக்கும் இரும்புக் கட்டை) ஒட்டிப் பிடித்து, கோட்டின் மேலும் வெல்டிங் சூட்டில் நீலம் பாய்ந்த ஓரங்களிலும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள்.
3. 5 செ.மீ.க்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விறைத்ததும் நிறுத்திவிடுங்கள், மிஞ்சினால் தகடு அலையடிக்கும்.

உள் தாங்கி மறைக்கும் இடத்தில் டாலி நுழையாது, மெல்லிய ஸ்பூன் (டாலிக்குப் பதிலாக நுழைக்கும் தட்டையான இரும்புக் கருவி) வேண்டும். தகட்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள். முன் மட்கார்டும் பானெட்டும் அதே காலத்துப் பிக்கப்பிலிருந்து பொருந்தும்; இந்தப் பக்கத் தகட்டுக்கு அந்த வசதி இல்லை.