காட்டுப் பெண்களின் பங்கு

கேள்வி: காட்டைக் காக்கும் பருவநிலைத் திட்டங்களில் பெண்களுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா?

பதில்: காகிதத்தில் இருக்கிறது. இந்தத் திட்டங்களில் பாலினப் பார்வையும் வேண்டும் என்று மெக்சிகோவின் கான்குன் நகரில் 2010-ல் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் பட்டா ஆண் பெயரில் இருந்தால், காட்டைக் காப்பதற்குத் தரும் பணமும் அவர் கைக்குத்தானே போகும்?

எனக்கு நம்பிக்கை தருகிறவர்கள் பிரேசிலின் மரன்யாவ் மாநிலப் பெண்கள். கோடரியின் கூர்முனை மேலே இருக்கும்படி காலால் அழுத்திப் பிடித்து, பபாசு பனங்காயை அதன்மேல் வைத்துத் தடியால் அடித்து உடைக்கிறார்கள். பருப்பு எண்ணெய்க்கு, ஓடு கரிக்கு. பண்ணைக்காரர்கள் வேலி போட்டதும் சங்கம் கட்டிப் போராடினார்கள். தனியார் நிலமானாலும் காய் பொறுக்கலாம், மரத்தைக் கண்டபடி வெட்டக் கூடாது என்று 1997-ல் லாகோ டோ ஜுன்கோ நகராட்சி சட்டமே போட்டது. கொள்கை எழுதுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். அப்புறம் வேறு சில நகராட்சிகளும் இதே வழியில் சட்டம் கொண்டுவந்தன.